சொன்னவரும் சொல்லும்: அமெரிக்க அடையாளம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

1776ஆம் ஆண்டு யூன் மாதத்தில், பிலடெல்பியா நகரிலே வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் இருந்து தோமஸ் ஜெபர்சன் ஒரு பத்திரத்தை வரைந்துகொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 33. பதின்மூன்று குடியேற்றங்கள் பிரித்தானிய முடியாட்சியிலிருந்து பிரிந்து செல்வதற்கான காரணங்களை உலகிற்கு எடுத்துரைப்பதே அப்பத்திரத்தின் நோக்கம். மனிதர் யாவரும் சமமாகவே படைக்கப்பட்டவர்கள் என்பதும், உயிர்வாழ்தலும் சுதந்திரமும் இன்பத்தை நாடுதலும் எவராலும் பறிக்கவியலாத உரிமைகள் என்பதும் நிறுவ வேண்டாது தாமே விளங்கும் உண்மைகள் என அதில் எழுதினார். அவருக்குப் பணிவிடை செய்வதற்காக வேர்ஜினியாவிலிருந்து அழைத்துவரப்பட்டிருந்தவன் றொபேட் ஹெமிங்ஸ் என்னும் 14 வயதுச் சிறுவன். ஜெபர்சனின் மாமனாருக்கும் ஓர் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவனாகக் கொள்ளப்படுபவன் அவன். உறவு முறையிற் பார்த்தால் ஜெபர்சனுக்கு மைத்துனன். சட்டத்தின்படி அவருடைய உடைமை.

அறவியலின் மிகப் பழைய வினாவொன்று அச்சிறிய அறைக்குள் அப்படியே அடங்கிக் கிடந்தது. ஒருவர் உரைக்கும் அறத்தை அவருடைய வாழ்வே மறுக்குமாயின், அவ்வறத்திற்கு மதிப்பு உண்டா? சொன்னவர் பொய்த்தால் சொல்லும் பொய்த்துவிடுமா? தனிமனிதர் ஒருவரைப் பற்றியதாயின் இவ்வினாவைப் பட்டிமன்றப் பொருளாக எண்ணிக் கடந்து செல்லலாம். ஆனால் ஐக்கிய அமெரிக்காவைப் பொறுத்தவரை அது ஒரு நாட்டின் அடையாளத்தையே பற்றியது. ஏனைய நாட்டவர் தாம் யார் என்பதற்குத் தொன்மையையும் மொழியையும் குருதி உறவையும் சான்று காட்டுவர். பல தேசத்தவர் வந்து குடியேறிய அந்நாட்டினர் அவ்வாறு காட்ட இயலாமையால், தாம் எழுதிய சொற்களையே சான்றாகக் காட்டினர். அதனாலேயே அந்நாட்டின் வரலாற்றில் நெடுங்காவியங்கள் வகிக்காத இடத்தைச் சில கடிதங்களும், இரண்டு நிமிடத்தில் முடிந்த ஒரு பேச்சும், நகர மண்டபம் ஒன்றிலே நிகழ்ந்த ஒரு சொற்பொழிவும் வகிக்கின்றன. சொற்களால் ஆன ஒரு நாட்டில் சொல்லிலே விழும் கீறல் நாட்டிலும் விழுகின்றது.

இம்முரண்பாட்டைப் பிற்கால ஆய்வாளர்தாம் கண்டுபிடித்தனர் எனக் கருதுவது தவறு. பிரகடனம் வெளிவருவதற்கு ஓராண்டின் முன்னரே, 1775இல், இலண்டனில் வாழ்ந்த அகராதியாசிரியர் சாமுவேல் ஜோன்சன், சுதந்திரம் வேண்டுமென்ற கூக்குரல் அடிமைகளை ஓட்டுவோரிடமிருந்தே மிகுதியாகக் கேட்கப்படுவது எங்ஙனம் என ஏளனமாக வினவியிருந்தார். ஜெபர்சனும் இதனை அறியாதவரல்லர். அடிமை வணிகத்தை அமெரிக்கர் மீது சுமத்தியவர் ஆங்கில மன்னரே எனக் குற்றஞ்சாட்டும் பகுதியொன்றைத் தமது முதற் படியில் அவர் சேர்த்திருந்தார். கொங்கிரஸ் அப்பகுதியை நீக்கிவிட்டது. தென் கரோலினாவையும் ஜோர்ஜியாவையும் திருப்திப்படுத்தவே அது நீக்கப்பட்டதென்றும், அடிமைகளைக் கப்பலேற்றிப் பொருளீட்டிய வடபகுதியினருக்கும் அது உறுத்தலாக இருந்ததென்றும் அவர் பின்னர் குறித்து வைத்தார். ஆயினும் நீக்கப்பட்ட அப்பகுதியைக் காட்டி அவரை விடுவித்துவிட முடியாது. வாழ்நாள் முழுவதிலும் 600க்கு மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர் அவர். பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு நாளான 1826 யூலை 4இல் அவர் இறந்தபோது, அவரது மரணசாசனம் விடுதலை வழங்கியது ஐவருக்கு மட்டுமே. அடுத்த சனவரியில், அவர் விட்டுச் சென்ற கடனை அடைப்பதற்காக மொன்ரிசெலோ மாளிகையில் நடைபெற்ற ஏலத்திற்கென 130 அடிமைகள் விளம்பரப்படுத்தப்பட்டனர்.

உள்ளத்தின் தூய்மையை உண்மை என்றும், வாயின் தூய்மையை வாய்மை என்றும், மெய்யாகிய உடம்பின் செயலில் விளங்கும் தூய்மையை மெய்ம்மை என்றும் பிரித்துரைப்பது தமிழ் மரபு. இம்மூன்றும் ஒருங்கே அமைந்தவரையே சான்றோர் என்பர். இவ்வளவுகோலால் அளக்குமிடத்து ஜெபர்சனிடம் மெய்ம்மை இல்லை. உண்மை இருந்ததா என்பது ஐயத்திற்குரியது. வாய்மை ஒன்றே எஞ்சுகின்றது. இப்படித் தனித்து நிற்கும் வாய்மையை என்ன செய்வது என்பதற்குச் சான்றோர் இலக்கணம் விடை கூறவில்லை. விடை கூற முற்பட்டவர்கள், அச்சொல்லின் பயன் மறுக்கப்பட்ட மனிதர்களே.

அவர்களுள் முன்னவர் பென்ஜமின் பனெக்கர். 1731இல் மேரிலாந்திற் பிறந்த சுதந்திரக் கறுப்பர். முன்னாள் அடிமை ஒருவரின் மகன். நடுவயதைக் கடந்த பின்னர் இரவல் நூல்களின் துணையால் வானியலைத் தாமே கற்று, பஞ்சாங்கம் கணித்தவர். 1791 ஓகஸ்ட் 19இல் தாம் கணித்த பஞ்சாங்கத்தின் கையெழுத்துப் படியுடன் ஒரு கடிதத்தை அவர் ஜெபர்சனுக்கு அனுப்பினார். ஜெபர்சன் அப்போது இராஜாங்கச் செயலாளர். கடிதம் மிகுந்த பணிவுடன் தொடங்குகின்றது. பிரித்தானியாவின் கொடுமைக்கு அஞ்சி நின்ற காலத்தைச் சற்றே நினைத்துப் பார்க்குமாறு வேண்டுகின்றது. பின்னர் ஜெபர்சனின் பிரகடன வரிகளையே எடுத்து அவர் முன் வைக்கின்றது. இவ்வளவு உயர்ந்த கருத்தை உரைத்தவர், அதே வேளையில் தம் சகோதரர்களில் இத்துணைப் பேரை வஞ்சனையாலும் வன்முறையாலும் அடிமைத்தளையில் வைத்திருப்பது எவ்வளவு இரங்கத்தக்கது என்று முடிக்கின்றது.

இக்கடிதத்தில் அவதானிக்கத்தக்கது அதன் வாதமுறையாகும். பனெக்கர் புதிய அறம் எதனையும் போதிக்கவில்லை. வேதத்தைத் துணைக்கழைத்தும் அவர் நெடுநேரம் வாதாடவில்லை. எழுதியவரிடமே எழுத்தைத் திருப்பிக் காட்டினார். ஜெபர்சன் 'இச்சொல் உனக்குரியதன்று' எனக் கூறியிருந்தால், சொல்லின் பொதுமை அழிந்திருக்கும். 'உனக்கும் உரியது' எனக் கூறியிருந்தால், அவருடைய தோட்டமே கைவிட்டுப் போயிருக்கும். அவர் இரண்டையும் கூறவில்லை. பதினொரு நாட்களின் பின் ஒரு சிறிய மறுமொழி வந்தது. கறுப்பு மக்களின் அறிவாற்றல் ஏனையோருக்கு நிகரானது என்பதற்குச் சான்று காண விழைபவர் தம்மைவிட வேறொருவர் இலர் எனவும், பஞ்சாங்கத்தைப் பாரிசிலுள்ள விஞ்ஞானக் கழகத்தின் செயலாளருக்கு அனுப்பியிருப்பதாகவும் அது தெரிவித்தது. அடிமைகளைப் பற்றிய குற்றச்சாட்டிற்கு ஒரு சொற்கூட மறுமொழி இல்லை. மிக நாகரிகமான மௌனம்! 1809இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், பனெக்கரின் அறிவு மிகச் சாதாரணமானதே என அவர் குறிப்பிட்டார். பனெக்கர் இறந்து அப்போது மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் இரு கடிதங்களையும் பனெக்கர் முன்னரே சேர்த்து அச்சிட்டு வெளியிட்டிருந்தார். மௌனத்தையும் ஆவணமாக்கலாம் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

அறுபது ஆண்டுகள் கழிந்தபின், நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்டர் நகரில், இதே வாதமுறை ஒரு பெருஞ்சொற்பொழிவாக விரிந்தது. 1838இல் மேரிலாந்தின் அடிமைத்தளையிலிருந்து தப்பியோடி வந்த பிரெடெரிக் டக்ளஸ், அந்நகரின் அடிமை ஒழிப்புப் பெண்கள் சங்கத்தினரின் அழைப்பை ஏற்று, 1852 யூலை 5இல் கொறிந்தியன் மண்டபத்தில் உரையாற்றினார். அவையில் இருந்தோர் ஏறத்தாழ 600 பேர், பெரும்பாலும் வெள்ளையர், அவர்களுட் பலர் அவருடைய நண்பர்கள். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்குமாறு வடபகுதியினரையும் கட்டாயப்படுத்திய சட்டம் 1850இல் நிறைவேறியிருந்த காலம் அது.

ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வேறுபாடு தமிழில் உண்டு. முன்னிலையாரையும் உட்படுத்துங்கால் 'நாம்' என்கின்றோம். அவர்களை விலக்குங்கால் 'நாங்கள்' என்கின்றோம். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்தான். பிரகடனத்தைத் தமிழாக்க முற்படுபவர் அதன் முக்கியமான வாக்கியத்தின் முதற் சொல்லிலேயே தடுமாற நேரும். இவ்வுண்மைகளை ஏற்பவர் 'நாமா', 'நாங்களா'? ஆங்கில மூலம் இவ்வினாவிலிருந்து நழுவிவிடுகின்றது. டக்ளஸ் நழுவவிடவில்லை. உரை முழுவதிலும் அவர் கையாண்ட சொல் 'உங்கள்' என்பதே. உங்கள் விடுதலை நாள், உங்கள் தந்தையர், உங்கள் கொண்டாட்டம். தந்தையரின் துணிவையும் தியாகத்தையும் அவர் முதலில் மனமாரப் போற்றினார். அப்போற்றுதலில் எள்ளல் இருப்பதாகக் கொள்வதற்கு இடமில்லை. பின்னர், மகிழ்ச்சி உங்களுடையது, துயரம் என்னுடையது என்று கூறி, அடிமைக்கு இந்நாளால் ஆவது என்ன என்னும் வினாவை எழுப்பினார். ஆண்டின் ஏனைய நாட்களையெல்லாம்விடத் தான் இடையறாது அனுபவிக்கும் அநீதியை அவனுக்கு மிகுதியாக உணர்த்தும் நாள் இதுவே என்பது அவரளித்த விடை. அடிமையும் மனிதன்தான் என நான் நிறுவ வேண்டுமா எனக் கேட்டு, அங்ஙனம் வாதாடுவதே தமக்கும் அவையோருக்கும் இழிவு என மறுத்தார். வாதம் ஓய்ந்து இடி முழங்கவேண்டிய வேளை இது என்ற கருத்துப்பட அவர் பேசிய பகுதிகளைப் படிக்குமிடத்து, அம்மண்டபத்தில் இருந்த நண்பர்களின் நிலை இரங்கத்தக்கதாகவே தோன்றுகின்றது.

எனினும் உரை அங்கு முடியவில்லை. நாட்டைப் பற்றித் தாம் நம்பிக்கை இழக்கவில்லை என்றும், அந்நம்பிக்கைக்கு ஊன்றுகோலாக இருப்பவற்றுள் அதே பிரகடனமும் ஒன்று என்றும் கூறியே அவர் முடித்தார். இம்முடிவு பலருக்கு வியப்பளிக்கின்றது. அவையைக் குளிர்விக்கக் கூறிய முகமன் என ஒதுக்கிவிடவும் இடமுண்டு. ஆனால் டக்ளஸின் சிந்தனைப் போக்கை அறிந்தோர் அவ்வாறு கொள்ளார். அவருடைய ஆசானாக இருந்த வில்லியம் லொயிட் கரிசன், அமெரிக்க அரசியல் யாப்பு அடிமை முதலாளிகளுடன் செய்துகொண்ட பாவ ஒப்பந்தம் எனவும், அதனோடு எத்தொடர்பும் கொள்ளலாகாது எனவும் போதித்தவர். 1854 யூலை 4இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் நடைபெற்ற கூட்டமொன்றில் அரசியல் யாப்பின் பிரதியை அவர் பகிரங்கமாகத் தீயிட்டார். டக்ளஸ் 1851இலேயே இந்நிலைப்பாட்டிலிருந்து விலகிவிட்டார். யாப்பின் வாசகத்தில் 'அடிமை' என்ற சொல் ஓரிடத்திலேனும் வரவில்லை. எழுதியோர் மனத்தில் எதை மறைத்து வைத்திருந்தனரோ அதனைக் கொண்டு நோக்காது, எழுதியதைக் கொண்டே நோக்கவேண்டும் என்பது அவருடைய வாதம்.

கரிசனைக் குறைத்து மதிப்பிடுவது நன்றன்று. 1835இல் பொஸ்ரன் தெருக்களில் வெறிகொண்ட கும்பல் ஒன்றினால் கயிற்றாற் கட்டி இழுத்துச் செல்லப்பட்டவர் அவர். பொய்யான பத்திரத்தைத் தீயிலிடும் செயலில் ஒரு தூய்மை உண்டு. ஆயினும் அத்தூய்மைக்கு விலை கொடுப்பவர் யார் என்பதும் கேட்கப்படவேண்டும். பத்திரம் எரிந்தபின்னும் கரிசன் சுதந்திர மனிதராகவே வீடு திரும்பினார். அடிமைக்கோ வேறு பத்திரம் இல்லை. கடன்பட்டவன் நாணயமற்றவன் என்பதற்காகக் கடன் கொடுத்தவன் தன் கைச்சீட்டைக் கிழித்தெறிந்தால் மகிழ்பவன் கடன்பட்டவனே. டக்ளஸ் சீட்டைக் கிழிக்க மறுத்தார்.

இனி இவ்விவாதத்தின் மிக விசித்திரமான கட்டத்திற்கு வரலாம். 1857இல் டிறெட் ஸ்கொற் என்னும் அடிமையின் வழக்கில் உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர் றொஜர் ரேனி தீர்ப்பளித்தார். பிரகடனத்தின் சொற்களைத் தனித்து நோக்கினால் அவை மனிதகுலம் முழுவதையும் தழுவுவனவாகவே தோன்றும் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும், அதனை வரைந்தவர்கள் பெருமக்கள். கறுப்பு மக்களையும் உட்படுத்தி அவர்கள் எழுதியிருந்தால், அவர்களுடைய நடத்தை அவர்களுடைய கொள்கைக்கு முற்றிலும் முரணாகியிருக்கும். அத்தகைய பெருமக்கள் முரணாக நடந்திரார். ஆகவே அவர்கள் கறுப்பு மக்களை உட்படுத்தவில்லை. இதுவே தீர்ப்பின் தருக்கம். அளவையியல் பயிலும் மாணவர் இதனை மீண்டும் மீண்டும் நோக்குதல் தகும். ஜோன்சனும் பனெக்கரும் டக்ளஸும் எழுப்பிய போலித்தனம் என்னும் குற்றச்சாட்டினை ரேனி முற்றாக நீக்கிவிட்டார். ஆனால் மனிதரைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லைக் கொன்றார். முன்னோர் முரண்படாதவர் எனப் போற்றவேண்டுமாயின் அவர்களது சொல்லைச் சுருக்கவேண்டும். சொல்லை அதன் முழு அகலத்துடன் காக்கவேண்டுமாயின் முன்னோர் பொய்த்தனர் என ஒப்புக்கொள்ளவேண்டும். போலித்தனம் இழிவானதுதான். ஆனால் போலித்தனமே இல்லாத கொடுமை அதனினும் இழிவானது என்பதற்கு அத்தீர்ப்பே சான்று. போலி செய்பவன் தன்னைவிட உயர்ந்த ஓர் அளவுகோல் உண்டென்பதையேனும் மறுப்பதில்லை.

அதே ஆண்டு யூன் மாதத்தில் ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஆபிரகாம் லிங்கன் ரேனிக்கு மறுமொழி கூறினார். மனிதர் யாவரும் சமத்துவத்தை அப்பொழுதே அனுபவித்துக்கொண்டிருந்தனர் என்ற பொய்யைப் பிரகடனத்தார் கூறவில்லை. அதனை உடனே வழங்கும் ஆற்றலும் அவர்களுக்கு இருக்கவில்லை. எக்காலத்தும் நோக்கி உழைப்பதற்கும், முற்றாக அடையப்படாவிடினும் மேன்மேலும் அணுகப்படுவதற்குமான ஓர் அளவுகோலையே அவர்கள் நாட்டிச் சென்றனர் என்பது அவரது விளக்கம். அடுத்த ஆண்டு சிக்காகோவில் இன்னுமொரு படி சென்றார். ஜேர்மனியிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்தோர் குருதி உறவால் அம்முன்னோருடன் தொடர்பற்றவர்கள். ஆயினும் பிரகடனத்தின் அறக்கருத்தை ஏற்கும்போது அவர்களும் அம்முன்னோரின் குருதிவழி வந்தவர்களே ஆகின்றனர் என்றார். அமெரிக்க அடையாளத்திற்கு இதனினும் தெளிவான வரைவிலக்கணம் காண்பது அரிது. நாடு பிறப்பால் வருவதன்று, ஒரு வாக்கியத்தை ஏற்பதால் வருவது என்பதே இதன் பொருள்.

அதே லிங்கன் இரண்டு மாதங்களின் பின், 1858 செப்டெம்பரில், சார்ள்ஸ்ரன் என்னும் ஊரில் வாக்காளர் முன் நின்று, இரு இனத்தவருக்கும் சமூக, அரசியல் சமத்துவம் வழங்குவதைத் தாம் ஒருபோதும் ஆதரித்ததில்லை என்றார். சொன்னவருக்கும் சொல்லுக்கும் இடையிலான பிளவு ஜெபர்சனோடு முடிந்துவிடவில்லை. 1876இல் வாஷிங்டன் நகரில் லிங்கனின் நினைவுச் சின்னத் திறப்பு விழாவிற் பேசிய டக்ளஸ், சனாதிபதி கிரான்ற் முன்னிலையிலேயே, லிங்கன் முதன்மையாக வெள்ளையரின் சனாதிபதியே என்றும், வெள்ளையர் அவருடைய சொந்தப் பிள்ளைகள், கறுப்பர் மாற்றாந்தாய்ப் பிள்ளைகள் போன்றோரே என்றும் கூறத் தயங்கவில்லை. அவ்வுரையிலேயே லிங்கனுக்கு உரிய நன்றியையும் அவர் குறைவின்றிச் செலுத்தினார். புகழுரை பொய்யுரையாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையில், 1863 நொவெம்பர் 19இல், கெற்றிஸ்பேர்க் போர்க்கள மயானத்தில் லிங்கன் ஆற்றிய ஏறத்தாழ 270 சொற்கள் கொண்ட உரை எல்லோரும் அறிந்தது. அவருக்கு முன் இரண்டு மணி நேரம் பேசிய எட்வேட் எவரெற்றின் உரையை இன்று படிப்போர் சிலரே. நாட்டின் வயதை அவர் 87 ஆண்டுகள் எனக் கணக்கிட்டார் என்பது நோக்கற்பாலது. அரசியல் யாப்பு எழுதப்பட்ட 1787ஐ விட்டு 1776க்குச் சென்றார். சட்டத்தை விட்டு வாக்குறுதிக்குச் சென்றார். மற்றுமொரு நுண்ணிய மாற்றமும் உண்டு. ஜெபர்சன் சமத்துவத்தைத் தானே விளங்கும் உண்மை என்றார். லிங்கனோ அதனை நிறுவப்படவேண்டிய ஒரு கூற்றாகவே குறிப்பிட்டார். யூக்கிளிட்டின் கேத்திர கணித நூல்களை முயன்று கற்றவர் அவர். வெளிப்படை உண்மைக்கும் நிறுவவேண்டிய தேற்றத்திற்கும் உள்ள வேறுபாட்டை அறியாது பேசியிரார். எண்பத்தேழு ஆண்டு அனுபவம் ஒரு வெளிப்படை உண்மையைத் தேற்றமாக்கிவிட்டது. அதன் நிறுவல் அவர் நின்ற நிலத்தின் கீழே வரிசையாகப் புதைக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

சொல்லை அதன் உடையோரிடமிருந்து கைப்பற்றியோர் கறுப்பு மக்கள் மட்டுமல்லர். 1848இல் செனெக்கா போல்ஸ் என்னுமிடத்திற் கூடிய மாநாட்டில் எலிசபெத் கேடி ஸ்ரான்ரனும் பிறரும் பிரகடனத்தின் அமைப்பை அப்படியே பின்பற்றி, ஆண்கள் என்றிருந்த இடத்தில் பெண்களையும் சேர்த்துத் தமது பிரகடனத்தை வெளியிட்டனர். மன்னர் நின்ற குற்றவாளிக் கூண்டில் ஆண்வர்க்கம் நிறுத்தப்பட்டது. டக்ளஸும் அங்கு கையொப்பமிட்டார். வாக்குரிமை நாடு முழுவதற்கும் உரியதானது 1920இல்.

இருபதாம் நூற்றாண்டில் கடன்சீட்டு என்ற உவமை வெளிப்படையாகவே கையாளப்பட்டது. 1963 ஓகஸ்ட் 28இல் லிங்கன் நினைவாலயத்தின் படிகளில் நின்று பேசிய மாட்டின் லூதர் கிங், குடியரசை அமைத்தோர் ஒவ்வோர் அமெரிக்கனுக்கும் ஒரு கடனுறுதிச் சீட்டை எழுதிக் கொடுத்தனர் என்றும், கறுப்பு மக்களுக்கு நாடு கொடுத்த காசோலை பணமில்லையெனத் திரும்பி வந்துவிட்டதென்றும், நீதியின் வங்கி முறிந்துவிட்டதென நம்பத் தாம் மறுப்பதாகவும் கூறினார். அவ்வுரையின் பிற்பகுதியிலுள்ள கனவையே உலகம் நினைவில் வைத்திருக்கின்றது. காசோலையை நினைவில் வைத்திருப்போர் குறைவு. கனவுக்குக் கைதட்டுவது எளிது. காசோலைக்குப் பணம் கட்டவேண்டும்.

அடுத்த ஆண்டு ஏப்பிரலில் கிளீவ்லாந்து நகரிற் பேசிய மல்கம் எக்ஸ், தாம் அமெரிக்கர் அல்லர் என்றும், அமெரிக்காவால் பலியிடப்பட்ட 22 மில்லியன் மக்களில் ஒருவரே என்றும், தாம் காண்பது கனவன்று, கொடுங்கனவே என்றும் கூறினார். இது வெறுப்பின் குரல் என ஒதுக்கத்தக்கதன்று. 187 ஆண்டுகளாகத் தீர்க்கப்படாத சீட்டைத் திரும்பத் திரும்ப நீட்டுபவன், ஒரு கட்டத்திற்குப் பின், கடன்பட்டவனின் கௌரவத்தையே காப்பாற்றிக்கொண்டிருக்கிறான் அல்லவா? வாக்குறுதியைப் புகழ்ந்துகொண்டிருப்பதே அதனை நிறைவேற்றாமைக்கு ஒரு சாக்காகிவிடும் அபாயம் உண்மையானது. சீட்டை நீட்டியதால் 1964இலும் 1965இலும் குடியுரிமைச் சட்டமும் வாக்குரிமைச் சட்டமும் கிடைத்தன என்பது கிங்கின் தரப்பில் வலுவான சான்று. ஆனால் அச்சட்டங்களுக்கு முன் எத்தனை தலைமுறைகள் காத்திருந்து மாண்டன என்பது எதிர்த்தரப்பின் சான்று. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்பது எளிதன்று.

கிங்கும் அதே இடத்தில் நின்றுவிடவில்லை. 1945 செப்டெம்பர் 2இல் ஹனோய் நகரில் வியட்நாமின் விடுதலையைப் பிரகடனஞ் செய்த ஹோ சி மின், அமெரிக்கப் பிரகடனத்தின் வாசகத்தை முதலில் எடுத்துரைத்தே தம் உரையைத் தொடங்கினார். அவ்வாசகத்திற்கு உரிமை கொண்டாடிய நாடோ பிரெஞ்சு ஏகாதிபத்தியத்திற்குப் பணமும் படைக்கலமும் வழங்கியது. 1967 ஏப்பிரல் 4இல் நியூயோர்க் தேவாலயமொன்றில் வியட்நாம் போரைக் கண்டித்துப் பேசிய கிங் இதனையே சுட்டிக்காட்டினார். பனெக்கரின் கடிதத்தில் ஒரு மனிதருக்குத் திருப்பிக் காட்டப்பட்ட சொல், இங்கு ஒரு நாட்டுக்குத் திருப்பிக் காட்டப்பட்டது. மறுமொழியும் பனெக்கர் பெற்றதை ஒத்ததே. நாகரிகம் மட்டும் குறைவு.

இதுவரை கூறப்பட்டவை யாவும் கையில் ஒரு சீட்டாவது உடையோரைப் பற்றியவை. அமெரிக்காவின் ஆதிக்குடிகளுக்கு அதுவும் இல்லை. சமத்துவம் பேசிய அதே பிரகடனம், மன்னர் மீதான குற்றப் பட்டியலின் இறுதியில், அவர்களை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் எனப் பெயர் சுட்டியே இழிக்கின்றது. கறுப்பு மக்களைப் பற்றி அப்பத்திரம் மௌனஞ் சாதித்தது. மௌனத்தை நிரப்பிப் படிக்கலாம். எழுதப்பட்ட இழிவை நிரப்பிப் படிப்பது எங்ஙனம்? சொல்லின் அகலத்தை நம்பும் வாதம் இங்கு இடறுகின்றது. பீக்குவட் குடியைச் சேர்ந்த போதகர் வில்லியம் ஏப்பஸ், டக்ளஸுக்கு 16 ஆண்டுகள் முன்பே, 1836இல் பொஸ்ரன் மேடையில் நின்று, யூலை 4 தம் மக்களுக்குத் துக்க நாள் என்றார். ஆனால் டக்ளஸைப் போல அந்நாளை உரிமையாகக் கேட்பதற்கு அவருக்கு இருந்த பிடிமானம் மிகச் சிறிது. ஆதிக்குடிகள் அனைவருக்கும் குடியுரிமை வழங்கப்பட்டது 1924இலேயே. அதுவும் அவர்களுட் பலர் கேளாத குடியுரிமை.

அவர்களுடைய உரைகளுள் ஒன்று இவ்வினாவைப் பிறிதொரு கோணத்திலிருந்து தொடுகின்றது. 1805இல் பஃபலோ சிற்றாற்றங்கரையில் செனெக்கா குடியினரிடம் ஒரு கிறிஸ்தவ போதகர் வந்து, தம் சமயத்தை ஏற்குமாறு கேட்டார். குடித்தலைவர்கள் நெடுநேரம் கூடி ஆலோசித்த பின்னர், அவர்கள் சார்பில் மறுமொழி கூறியவர் செஞ்சட்டை என்னும் பட்டப்பெயரால் அறியப்பட்ட சகோயெவத்தா. அவ்வுரை மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் வாயிலாகவே அச்சேறி நமக்குக் கிடைக்கின்றது. வெள்ளையர் வந்திறங்கியபோது இடமளித்ததையும், அவர்கள் சிறிது நிலம் கேட்டுப் பின்னர் நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டதையும் அவர் அமைதியாக எடுத்துரைத்தார். உங்கள் நூல் ஒன்றே என்றால் அதனைப் பற்றி உங்களுக்குள்ளேயே ஏன் இத்தனை பிணக்கு என்று கேட்டார். இறுதியில் இவ்வாறு கூறினார்: நீங்கள் எங்கள் அயலில் வாழும் வெள்ளையருக்கும் போதித்துவருவதாக அறிகிறோம். அவர்களை எமக்குத் தெரியும். சிறிது காலம் பொறுத்திருந்து பார்க்கிறோம். உங்கள் போதனை அவர்களை நல்லவர்களாக்கி, செனெக்கா மக்களை ஏமாற்றும் எண்ணத்தைக் குறைக்கக் கண்டால், நீங்கள் கூறியதை மீண்டும் சிந்திப்போம்.

சொல்லின் உயர்வை அவர் மறுக்கவில்லை. அதனைத் தமதென உரிமை கோரவுமில்லை. சொல்லுக்கு உரியவர்களிடம் முதலில் அது வேலை செய்யட்டும் எனத் திருப்பி அனுப்பினார். பின்னர், பிரியும் வேளையாகையால், பெரிய ஆவி போதகரைப் பாதுகாத்து ஊர் சேர்க்குமாறு வாழ்த்தி, அவரும் அவருடன் இருந்தோரும் கைகுலுக்குவதற்காக அவரை நெருங்கினர். போதகர் சடுதியாக ஆசனத்தை விட்டு எழுந்தார். இறைவனின் சமயத்திற்கும் சாத்தானின் செயல்களுக்கும் இடையே உறவு இருக்கமுடியாது, ஆகையால் அவர்களுடைய கைகளைத் தாம் பற்றமாட்டேன் என்றார். அது மொழிபெயர்த்துக் கூறப்பட்டது. அவர்கள் புன்னகை செய்து, அமைதியாகக் கலைந்து சென்றனர்.